அக்காவின் இம்பெல்லரில் மூன்று புள்ளிகள்

சென்ற பொங்கலுக்கு இங்கே ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஹாலைப் பிடித்து, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கரும்பைச் சாய்த்து வைத்துக் கொண்டாடினார்கள். பெரும்பாலும் சாஃப்ட்வேர் பிள்ளைகள். நடுவில் என்னைப் போல ஓய்வு பெற்ற கிழங்கள் இரண்டு மூன்று உண்டு. எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, தட்டை அவர்களே எடுத்து வந்து தருவார்கள். அன்று எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்த நிவேதா, நான் வேலை பார்த்த அதே பம்ப் கம்பெனியில், அதே பரிசோதனைப் பிரிவில் இப்போது இருக்கிறாள்.

“அங்கிள், இப்போ நாங்க யாரும் கண்ணால பாக்கறதே இல்ல. கேமராதான் ரீட் பண்ணுது. சாஃப்ட்வேர் பாஸ், ஃபெயில் சொல்லிடும்” என்றாள். பிறகு சிரித்தாள். “போன வாரம் ஒரு ஆன்லைன் ட்ரெயினிங் வேற. உங்க சொந்தக்காரங்க கம்பெனி உங்க கம்பெனிக்குச் சாமான் சப்ளை பண்ணா என்ன செய்வீங்கன்னு கேள்வி. நாலு ஆப்ஷன். எல்லாரும் ‘சி’ போட்டுப் பாஸ் ஆயிட்டோம். உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா அங்கிள்?”

வாயில் பொங்கல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. “எழுதித் தர்றேன்மா” என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். எனக்கு அந்த ‘சி’ இன்னும் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், குறி போடுவது படிப்பவர்கள் பாடு.

பழைய கதை அதிகம் வேண்டாம். கோயம்புத்தூரில் உலோகவியல் படித்தேன். மேல்படிப்புக்கு இங்கே வந்தேன். மொழி புரியாமல் ஒரு குளிர்காலம் முழுவதும் ரொட்டியும் தயிருமாக ஓட்டினேன். பம்ப் கம்பெனியில் சேர்ந்து பரிசோதகர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்கினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், “மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்டார். “அடுத்தவங்க செஞ்ச பொருள்ல குத்தம் கண்டுபிடிக்கிற வேலைங்க” என்றேன். “அதுக்கு எதுக்குங்க ஜெர்மனி? எங்க வீட்ல ரெண்டு நாள் இருந்தாப் போதுமே” என்றார். பெண் கொடுத்தார்.

வேலையும் உண்மையில் அதுதான். உருக்கிய எஃகை மணல் அச்சில் ஊற்றி எடுக்கும் வார்ப்புகள் வெளியிலிருந்து எங்களுக்கு வரும். அதில் முக்கியமானது இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம். எங்கள் பம்புகள் கொதிகலன்களுக்குச் சுடுநீர் ஏற்றுபவை. ஓடும்போது இறக்கை முறிந்தால் பம்ப் கிழியும், பக்கத்தில் நிற்கிறவன் வெந்து போவான். அதனால் வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாசலிலேயே பிடித்துவிட வேண்டும்.

பிடிக்கும் முறை எளிது, செய்வதுதான் கடினம். முதலில் வார்ப்பைக் கழுவிக் காய வைக்க வேண்டும். பிறகு சிவப்புச் சாயத்தைப் பூசிக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிக்கொள்ளும். மேலே இருக்கும் சாயத்தை நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். அவசரக்காரன் கரைப்பானை நேராக வார்ப்பின் மேலேயே பீய்ச்சுவான். உள்ளே இறங்கிய சாயமும் அதோடு கழுவிக்கொண்டு போய்விடும், கெட்ட பொருள் நல்ல பொருள் ஆகிவிடும். துணியைத்தான் நனைக்க வேண்டும். கடைசியில் வெள்ளைப் பூச்சை மெல்லியதாகத் தூவினால், ஒளிந்திருந்த சாயம் மெதுவாக ஊறி மேலே வரும். வெள்ளையில் சிவப்பு. புள்ளியாக வந்தால் சிறு துளை, கோடாக வந்தால் விரிசல். புள்ளிகளைப் பெரும்பாலும் மன்னித்துவிடலாம். கோட்டை மன்னிக்கக் கூடாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று புள்ளிகள் ஒரே வரிசையில் நின்று, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அவை மூன்று புள்ளிகள். அதற்குக் குறைந்தால் அவை ஒரு கோடு. மேலே விட்டுவிட்டுத் தெரிந்தாலும் கீழே ஒன்றாக ஓடுகிறது என்று பொருள். இந்த விதியை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பிரிவுத் தலைவி ஃபிராவ் கெல்லர், நம் வழக்கில் திருமதி கெல்லர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெட்டையான பெண்மணி. பரிசோதனை மேசைக்கு வந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். விரலை நீட்டினால் விரல் காட்டிய இடத்தை மட்டும் கண் பார்க்கும் என்பார். நல்லது, கெட்டது என்ற சொற்களை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. “ஏற்கலாம்”, “ஏற்க முடியாது” இரண்டுதான். அத்தனை வருடமும் அவர் எனக்கு ‘நீங்கள்’, நான் அவருக்கு ‘நீங்கள்’. பிறந்த நாளுக்குக் கேக் கொண்டு வருவார், ஆனால் அது எத்தனையாவது பிறந்த நாள் என்று சொல்ல மாட்டார். என் பெயரை மட்டும் முழுசாக, ஓர் எழுத்தும் விடாமல், “ஹெர் ராமசாமி”, அதாவது திரு. ராமசாமி, என்று சொல்வார். மற்றவர்களுக்கு நான் ‘ராம்’.

அவர் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. சந்தேகமான பொருளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் வேறுபட்டால் கடுமையான முடிவே நிற்கும். வாதம் இல்லை, பேச்சு இல்லை. நம் ஊரில் இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கூப்பிடுவோம், டீ சொல்லுவோம். அங்கே அதெல்லாம் கிடையாது.

இனி அக்காவிடம் வருகிறேன். என் அக்கா மனோன்மணி கோயம்புத்தூரில் பவுண்டரி வைத்திருக்கிறாள். அப்பா ஆரம்பித்த சின்ன வார்ப்படப் பட்டறை அது. நான் கல்லூரிக்குப் போன வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. படிப்பை நிறுத்த வேண்டியது யார் என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை அக்கா கல்லூரிக்குப் போகாமல் பட்டறைக்குப் போனாள், அவ்வளவுதான். மணல் சலிப்பதிலிருந்து உலை பார்ப்பது வரை கற்றுக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “உலைக்கு முன்னால நிக்கறவளைக் கட்டிக்க ஆருக்குத் தைரியம் இருக்குது?” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஐரோப்பாவில் யூரோ நோட்டு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று எங்கள் கொள்முதல் பிரிவு இந்தியாவில் வார்ப்புகள் தேட ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் நாலைந்து இடங்களைப் பார்த்து அவர்கள் தேர்ந்தெடுத்தது அக்காவின் பட்டறையை. சத்தியமாக எனக்குச் சம்பந்தமில்லை. கேள்விப்பட்ட அன்றே ஃபிராவ் கெல்லரிடம் போய், “அது என் அக்காவின் நிறுவனம்” என்று சொன்னேன். அவர் தலையசைத்து, “சொன்னதற்கு நன்றி” என்றார். கொள்முதல் பிரிவில் ஒருவன் மட்டும் கான்டீனில், “அப்படியானால் நமக்குப் பரிசோதனைச் செலவும் மிச்சம், ராம்!” என்று சொல்லிச் சிரித்தான். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் என் முகத்தை விட்டுப் போகவில்லை.

அக்காவுக்கு அது முதல் ஏற்றுமதி. எங்களுக்கென்றே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக்கப் புது உலை போட்டாள். அச்சு வேலைக்கு ஆட்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினாள். முதல் லாட், அதாவது முதல் தவணைச் சரக்கு, சரியாகப் போனால் தொடர்ந்து ஆர்டர் என்பது பேச்சு. போகாவிட்டால் உலை சும்மா கிடக்கும், பழக்கிய ஆட்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் காலிங் கார்டு தேய்த்துப் பேசும் ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சுத்தான்.

“தம்பி, சாமான் கப்பல்ல ஏறிருச்சுடா. நீ அங்க இருக்கறே, எனக்கென்ன கவலை?”

“அக்கா, நான் இதுல தலையிடக் கூடாதுக்கா.”

“தலையிடச் சொல்லி ஆரு கேட்டா? பாத்துக்கன்னுதான சொல்றேன்.”

தலையிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? நான் கேட்கவில்லை. அவள் என்னைக் குறுக்கு வழியில் போகச் சொன்னாளா, இல்லை எல்லா அக்காமாரும் தம்பிமாரிடம் சொல்வதைப் போலச் சும்மா சொன்னாளா, இதுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஊரில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், “அங்க பாஸ் போடறதே என்ற தம்பிதான்” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியும்.

லாட் வந்த வாரம் எங்களில் மூன்றாவது பரிசோதகர் பனிச்சறுக்கில் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மிச்சம் இருந்தது ஃபிராவ் கெல்லரும் நானும். என்னை விட்டுவிடும்படி கேட்டேன். “உறவினர் தனியாக முடிவு செய்யக் கூடாது என்பது விதி. நீங்கள் தனியாக இல்லை, நான் இருக்கிறேன். இரண்டாவது கண் இல்லாமல் நான் கையெழுத்திட மாட்டேன்” என்றார். பிறகு, அவருக்கு வழக்கமில்லாதபடி, ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்: “உங்கள் கண்ணை எனக்குத் தெரியும்.” அன்று அது எனக்குப் பாராட்டாகக் கேட்டது.

பெட்டியைத் திறந்ததும் பரிசோதனைக் கூடத்தில் சந்தன வாசம் அடித்தது. காய்ந்த செவ்வந்தி இதழ்கள் இரண்டு கீழே விழுந்தன. அக்காவின் வேலை. அனுப்புவதற்கு முன் பூஜை போட்டிருக்கிறாள். சும்மா பெட்டிக்குப் பொட்டு வைத்ததோடு விடவில்லை. ஒவ்வொரு இம்பெல்லரின் நடுவிலும், இறக்கை வேர்விடும் குழிவில், மஞ்சளையும் குங்குமத்தையும் எண்ணெயில் குழைத்து அப்பியிருந்தாள். பிறகு துடைத்திருக்கிறாள்தான். குழிவுக்குள் துணி எப்படிப் போகும்?

ஃபிராவ் கெல்லர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். “இதை ஏற்கெனவே யாரோ சாயம் போட்டுச் சோதித்திருக்கிறார்களா?”

“இல்லை. இது பூஜை... எங்கள் ஊரில் புதுப் பொருளுக்குப் பொட்டு வைப்போம். நல்லபடியாகப் போக வேண்டும் என்று.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “என்ன எண்ணெய்?” என்று கேட்டார்.

“நல்லெண்ணெய்.”

“எண்ணெய் துளைகளை அடைக்கும். நன்றாகக் கழுவ வேண்டும்” என்றார். அதோடு சரி.

கழுவினோம். மாதிரிக்கு எடுத்தவற்றில் ஒன்று தவறினாலும் முழு லாட்டும் திரும்பிவிடும். வரிசையாகச் சிவப்புச் சாயம் போட்டோம். எல்லாம் சுத்தமாக வந்தன. ஒன்றில் மட்டும், இறக்கையின் வேரில், மூன்று சிவப்புப் புள்ளிகள் எழுந்தன. எனக்கு உடனே தோன்றியது, இது குங்குமம். “குங்குமமும் சிவப்புத்தான்” என்றேன், கொஞ்சம் அவசரமாகவே. அவர் யோசித்து, “அப்படியானால் பச்சையில் பார்ப்போம்” என்றார். வேறொரு சாயம் உண்டு. இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே பச்சை மஞ்சளாக ஒளிரும். குங்குமச் சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குழப்பம் தீர்ந்துவிடும் என்பது கணக்கு.

அவர் அதைப் பூசி முடித்ததும், இருட்டறையில் கண் பழகுவதற்காக நின்றுகொண்டிருந்தோம். விளக்கைப் போட்டார். இம்பெல்லரைப் பார்ப்பதற்கு முன் அவர் என் கையைப் பார்த்தார். என் விரல் நுனிகள் ஐந்தும் பச்சை மஞ்சளாக ஜொலித்துக்கொண்டிருந்தன.

“ஹெர் ராமசாமி! கையுறை இல்லாமல் சாயத்தைத் தொட்டீர்களா?”

நான் சாயத்தைத் தொடவே இல்லை. மத்தியானம் எலுமிச்சைச் சோறு கையால் பிசைந்து சாப்பிட்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. மஞ்சளும் இந்த விளக்கில் ஒளிரும்! அக்கா அப்பியதில் பாதி மஞ்சள். சிவப்பில் சோதித்தால் குங்குமம் வழிமறிக்கிறது, பச்சையில் சோதித்தால் மஞ்சள் வழிமறிக்கிறது. எங்கள் அக்கா ஜெர்மானியத் தொழில்நுட்பம் முழுவதையும் ஒரு கிண்ணத்துக்குள் குழைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஃபிராவ் கெல்லர் என் விரல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, “சுவாரசியம்” என்றார்.

அந்த ஓர் இம்பெல்லரை, ஒலியதிர்வால் அழுக்கை உதறும் அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டுக் கரைப்பான் மாற்றி மாற்றிக் கழுவினோம். சாயம் போடாமலே ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தோம். ஒன்றும் ஒளிரவில்லை. மஞ்சள் போய்விட்டது, அதோடு குழைத்த குங்குமமும் போய்விட்டது. இனி வருவது எதுவானாலும் உலோகத்தில் இருப்பதுதான். மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் மீண்டும் சிவப்புச் சாயம் போட்டு, வெள்ளை தூவி, காத்திருந்தோம்.

மூன்று புள்ளிகள் எழுந்தன. அதே இடம், அதே வரிசை.

முதலில் அவர் பார்த்தார். அளவு போட்ட லென்ஸை எடுத்துக் குனிந்தார், நிமிர்ந்தார், தன் முடிவைக் குறித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். அடுத்து நான். லென்ஸை வைத்தேன். முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளி சரியாக அந்த எல்லை அளவாகவே இருந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அப்படியேதான். மதில் மேல் பூனை. புள்ளியின் விளிம்பு கத்தியால் வெட்டியதைப் போல இருக்காது, ஊறிப் பரவியிருக்கும். அந்த ஊறலை எங்கே முடிந்ததாக எடுத்துக்கொள்கிறேன் என்பதைப் பொறுத்தது எல்லாம். மயிரளவு இந்தப் பக்கம் வைத்தால் மூன்று புள்ளி. அந்தப் பக்கம் வைத்தால் ஒரு கோடு.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடியது, ஆனால் எந்தப் பக்கம் ஆடியது என்றுதான் விளங்கவில்லை. ஒருபுறம், நான் கல்லூரிக்குப் போன வருடம் பட்டறைக்குப் போனவள். இன்னொரு புறம், எங்கோ ஒரு கொதிகலன் அறையில் பம்புக்குப் பக்கத்தில் நிற்கப் போகிற, நான் முகம் பார்க்காத ஒருவன். நியாயமாக இந்த இருவர் மட்டும்தான் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கான்டீனில் சிரித்தவனும் வந்து நின்றுகொண்டான். நான் ‘ஏற்கலாம்’ என்றால் அவன் என்ன சொல்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தன் வீட்டு விளக்கென்று முத்தமிட்டவன் என்று தமிழில் சொல்லத் தெரியாதே தவிர, அதைத்தான் சொல்வான்.

“கோடு” என்றேன், வெளியே வந்து.

ஃபிராவ் கெல்லர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “உறுதியாகவா?”

“கோடு.”

தலையசைத்தார். ஏற்க முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவரும் கோடு என்றுதான் பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்ற நிம்மதி.

லாட் திரும்பியது. கொள்முதல் பிரிவு ஆர்டரை ரத்து செய்துவிட்டு இத்தாலிக்காரன் ஒருவனிடம் போனது. எப்போதும் நான்தான் கூப்பிடுவேன், செய்தி போய்ச் சேர்ந்த அன்று அக்கா தானே கூப்பிட்டாள்.

“தம்பி, ஃபேக்ஸ் வந்துச்சு. நீதான் பாத்தியா?”

“நானும் பாத்தேன்க்கா.”

“கோடாடா?”

“மூணு புள்ளி. ஆனா கிட்டக் கிட்ட. அதைக் கோடுன்னுதான் எடுத்துக்கோணும், விதி அப்படி.”

“புள்ளி வெச்சா கோலத்துலகூடக் கோட்டை நாமதான்டா இழுக்கறோம்” என்றாள். விளையாட்டாகச் சொல்வாள் என்று பார்த்தேன், குரலில் விளையாட்டு இல்லை. “ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதே சாமான் வேற ஆரோ ஒருத்தனுதா இருந்திருந்தா, கோடுன்னு சொல்லியிருப்பியா?”

‘சொல்லியிருப்பேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வருடம் ஊருக்குப் போனேன். வாசலில் நின்று, “வாங்க” என்றாள். என்னை! ஒன்றாய் வளர்ந்த தம்பியை! “உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?” திட்டியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். இலை போட்டு, வகை வகையாகச் செய்து, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பதைப் போலக் கவனித்தாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க” என்றாள். புது உலையைப் பார்க்க வேண்டும் என்றேன். “அங்க ஒண்ணும் ஓடறதில்லீங்க” என்றாள். பழக்கிய ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். ‘டா’ என்று அவள் வாயில் வர அதன் பிறகு சில வருடங்கள் ஆயின.

அந்த வருடங்களில் எனக்கு இருந்த ஒரே பிடிப்பு, இரண்டு பேர் பார்த்தோம், இரண்டு பேருக்கும் கோடுதான் தெரிந்தது என்பது. ஃபிராவ் கெல்லர் ஓய்வு பெற்ற நாளில் கான்டீனில் கேக் வெட்டினார்கள். வழக்கம்போல அவரே செய்து கொண்டு வந்த கேக். எல்லோரும் போன பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றி, “அக்காவின் லாட் வந்தபோது நீங்களும் கோடு என்று பார்த்ததுதான் எனக்கு இத்தனை நாளும் ஆறுதல்” என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். “இல்லையே. நான் மூன்று புள்ளி என்றுதான் படித்தேன். ஏற்கலாம் என்று குறித்திருந்தேன்.”

“பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன? கடுமையான முடிவு நிற்கும். உங்கள் அக்காவுக்காகப் போட்ட விதியா அது? எல்லோருக்கும் அதே விதிதானே.”

“அப்படியானால் நான் தவறாகப் படித்தேனா?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “நான் முதலில் பார்த்தேன். நீங்கள் கொஞ்சம் பிறகு பார்த்தீர்கள். அதற்குள் சாயம் இன்னும் சற்று ஊறியிருக்கலாம். இரண்டு பேரும் அனுமதித்த நேரத்துக்குள்தான் பார்த்தோம். ஆகவே இரண்டும் சரியாக இருக்கலாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “அல்லது உங்களுக்கு அது கோடாக இருக்க வேண்டியிருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது, ஹெர் ராமசாமி. அதை நான் லென்ஸ் வைத்துப் பார்க்க முடியாது” என்றார். கை கொடுத்தார். முதல் முறையாக இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

அந்த இம்பெல்லரை மீண்டும் பார்க்கலாம் என்றால் அது ஊருக்குத் திரும்பி எப்போதோ உலையில் உருகிப் போயிற்று. டிராமில் வீட்டுக்கு வரும்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, கான்டீனில் சிரித்தவன் மேலா, என் மேலேயா, புரியவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். “அக்காகிட்டச் சொல்லிடுங்க” என்றாள். பத்து நிமிடம் கழித்து, “வேண்டாம், சொல்லிடாதீங்க” என்றாள். இரண்டுமே சரியாகப் பட்டது. இன்றுவரை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குள் அக்கா மாறிவிட்டிருந்தாள். அந்தத் தோல்விக்குப் பிறகு கொஞ்ச காலம் பழைய பம்ப் உறைகளை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தவள், ரோசம் வந்து, உலோகம் அச்சுக்குள் இறங்கும் வழியையே மாற்றியமைத்தாள். சொந்தமாகச் சாயச் சோதனைக் கூடம் வைத்தாள். இப்போது வேறு இரண்டு நாடுகளுக்கு அவள் சாமான் போகிறது. பூஜை இன்னும் உண்டு, ஆனால் பொட்டு பெட்டிக்கு மட்டும்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது என் கதையைத்தானாம். “என்ற கூடப் பொறந்த தம்பியே என்ற சாமானைத் திருப்பி அனுப்பிச்சான். அப்பறம் வெளியாளு உங்களை விட்டுப்போடுவானா?”

நிவேதாவுக்கு எழுத உட்கார்ந்து இதில் பாதி எழுதியிருந்தபோது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். பட்டறைக்குள் நின்று பேசினாள். பின்னால் நாலைந்து பேர் தலைத்துண்டோடு எட்டிப் பார்த்தார்கள்.

“தம்பி, இவனுக நம்ப மாட்டேங்கறானுகடா. சும்மா கதை விடறேன்னு நினைக்கறானுக. நீயே சொல்லு, திருப்பி அனுப்பிச்சியா இல்லியா?”

“அனுப்பிச்சேன்க்கா.”

“அன்னிக்கு எவ்வளவு அழுதிருப்பேன் தெரியுமாடா? இப்ப நினைச்சா, நீ மட்டும் அக்கா சாமானாச்சேன்னு கண்ணை மூடிட்டுப் பாஸ் போட்டிருந்தீன்னா, நான் இன்னும் பழையபடியே ஊத்திட்டு இருந்திருப்பேன்.” அவள் போனைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டு வந்தாள். முகம் திரை முழுவதும் நிறைந்தது, நரைத்த புருவம் வரை தெரிந்தது. குரல் இறங்கியது. “அன்னிக்கு உன்னைய ஒண்ணு கேட்டேன், நீ பதிலே சொல்லுல. இப்பக் கேக்கறேன். அது கோடுதானடா?”

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உலை அணைந்து கிடந்த வருடங்களும், ‘வாங்க, போங்க’ என்ற வருடங்களும், அதற்குப் பிறகு அவள் கட்டியெழுப்பியதும் எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கின்றன. எனக்குத் தெரிந்ததைச் சொல்வதென்றால், ‘தெரியாது’ என்பதுதான்.

“கோடுதான்க்கா” என்றேன்.

“கேட்டுக்கிட்டீங்களாடா?” என்று அவர்கள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அந்தச் சொல் தயங்காமல், உறுதியாக, கேட்டவருக்கு எது வேண்டுமோ அதுவாகவே வந்தது. அன்று பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே, முதல் முறை சொன்னபோதும், கான்டீனில் சிரித்தவனுக்காக இப்படித்தான் வந்ததோ?